கடிகாரத்தின் மேல் போட்ட துண்டு

போன வாரம் மோனிஷா வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். நான் வேலை பார்த்த கல்லூரியில் எனக்குப் பிறகு நீச்சல் பயிற்றுநராக வந்திருக்கும் பெண் அவள். "மேடம், குளத்துல டைல்ஸ் எல்லாம் பேத்துக்கினு வந்துடுச்சு. ரெண்டு மாசம் மூடணும்னு இன்ஜினியர் சொல்லிட்டாரு. பசங்க டைம் எல்லாம் போயிடும் மேடம். போட்டி வேற வருது. இன்னா பண்றதுன்னே தெரில" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் மூக்கை உறிஞ்சினாள். நான் அதைச் சமையலறையில் நின்று கேட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. துடைத்துவிட்டு இன்னொரு தரம் கேட்டேன்.

முதலில் எனக்குத் தோன்றியதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பாடா, இது இனி என் தலைவலி இல்லை என்றுதான் தோன்றியது. ஓய்வு பெற்றவர்களிடம் பொழுது போகிறதா, வேலை ஞாபகம் வருகிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குப் பொழுது நன்றாகவே போகிறது. தலைமுடியில் குளோரின் வாசனை இல்லை. விடியும் முன்பு விசில் ஊதி யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. மழை பெய்தால் மழை என்று மட்டும் நினைக்க முடிகிறது. மோட்டார் அறைக்குள் தண்ணீர் புகுந்திருக்குமோ என்று எழுந்து ஓட வேண்டியதில்லை.

ஆனாலும் ஒரு பூவையும் கும்பிடும் கையையும் அனுப்பிவிட்டு ஒதுங்க மனம் வரவில்லை. பதில் தட்ட ஆரம்பித்தேன். அது நீண்டுகொண்டே போனது. "கட்டுரையாவே எழுதிடேன்" என்றார் என் வீட்டுக்காரர். காபி நேரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்த எரிச்சலில் சொன்னார் என்றாலும், யோசனை நல்ல யோசனையாக இருந்தது.

நான் நீந்தக் கற்றது சென்னையில் ஒரு மாநகராட்சிக் குளத்தில். மாநிலப் போட்டிகளில் சில பதக்கங்கள், ஒரு பயிற்றுநர் பட்டயம், இரண்டு பள்ளிகளில் தற்காலிக வேலை. பிறகு கும்மிடிப்பூண்டி போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய அந்தத் தனியார் கல்லூரியில் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றேன். எங்கள் வீடு திருநின்றவூரில். அங்கிருந்து ரயில் மாறி விடியற்காலைப் பயிற்சிக்குப் போய்ச் சேர முடியாது. அதனால் வார நாட்களில் பெண்கள் விடுதியிலேயே எனக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள்.

என்னைப் பற்றித் தெரிய வேண்டியது ஒன்றுதான். நான் ஒரு கடிகாரப் பைத்தியம். ஸ்டாப் வாட்ச் என் கழுத்தை விட்டு இறங்கியதே இல்லை. வீட்டில் முட்டை வேகவைக்கவும் அதுதான். ஒரு பிள்ளை நீந்தி வந்து சுவரைத் தொட்டால், அதன் முகத்தைப் பார்க்கும் முன்பு நான் நொடியைத்தான் பார்ப்பேன். இப்படிப்பட்ட என்னை தாமோதரன் சாருக்குக் கீழே கொண்டுபோய்ப் போட்டது விதி.

தாமோதரன் சார் எங்கள் உடற்கல்வி இயக்குநர். ஊத்துக்கோட்டைப் பக்கத்துக்காரர். பையன்களை "நைனா" என்றும் பெண்களை "அம்மாடி" என்றும்தான் கூப்பிடுவார். பெயர்கள் அவருக்குத் தெரியுமா என்பதே எங்களுக்குச் சந்தேகம். நல்ல கனத்த உடம்பு. குளத்தின் ஆழமில்லாத முனையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு, மோர் பாட்டிலோடு உட்காருவார். மற்ற பயிற்றுநர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். இவர் பேசுவது அடுத்த நாற்காலிக்கே கேட்காது. அதனால் பிள்ளைகள் நீந்திவந்து, காதிலிருந்து தண்ணீரை உதறிவிட்டு, விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு திரும்பிவிடும். அவர் அதற்காகத்தான் மெதுவாகப் பேசினாரா, இல்லை சுபாவமே அப்படியா என்பது எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

எங்கள் குளத்தின் சுவரில் ஒரு பெரிய கடிகாரம் உண்டு. நொடி முள் மட்டும் ஓடும் வகை. நீந்துகிறவர்கள் நீச்சல் கண்ணாடிக்குள்ளிருந்தே பார்த்துக்கொள்ளலாம். பயிற்சி எந்தக் காரணத்துக்காக நின்று போயிருந்தாலும் சரி, திரும்ப ஆரம்பிக்கும் நாளில் சார் செய்கிற முதல் காரியம், தன் பையிலிருந்து நீலக் கரை போட்ட ஒரு துண்டை எடுத்து அந்தக் கடிகாரத்தின் மேல் போடுவது. காற்றில் பறக்காமல் இரண்டு கிளிப் வேறு. பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போடுவதுபோல் சார் போட்டுவிட்டுப் போய்விட்டார் என்று பையன்கள் கேலி செய்வார்கள். அவர் எடுக்கும்வரை அந்தத் துண்டை யாரும் தொடக் கூடாது. என் ஸ்டாப் வாட்சும் அந்த நாட்களில் மேசைக்குள் போய்விடும்.

பயிற்சி நின்றால் உடம்பிலிருந்து முதலில் போவது மூச்சு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அனுபவத்தில் நாங்கள் பார்த்தது வேறு. முதலில் போவது கை. நன்றாக நீந்துகிறவரின் உள்ளங்கை தண்ணீரை ஒரு கம்பியைப் பிடிப்பதுபோல் பிடிக்கும். அதைப் பிடித்து உடம்பை முன்னால் இழுத்துக்கொள்வதுதான் நீச்சல். சில நாள் குளத்தை விட்டு விலகினாலே அந்தப் பிடி தளர்ந்துவிடும். கை சுற்றும், தண்ணீர் வழுக்கும், ஆள் நகர மாட்டார். அந்த நேரத்தில் கடிகாரத்தைக் காட்டினால் பிள்ளைகள் பயந்துபோய்க் கையை இன்னும் வேகமாகச் சுற்றுவார்கள். வழுக்கல்தான் அதிகமாகும். அதைச் சரிக்கட்ட இன்னும் அதிக தூரம் நீந்துவார்கள். பிறகு தோள்பட்டை வலி என்று வந்து நிற்பார்கள்.

அதனால் சாரின் முறையில் முதல் நாள் நீச்சலே கிடையாது. குப்புற மிதந்து, கைகளை முன்னால் நீட்டி, உள்ளங்கையால் தண்ணீரை உள்ளும் வெளியுமாகத் தடவ வேண்டும். சப்பாத்தி மாவைத் தடவுகிற வேகம்தான். மாநிலப் பதக்கம் வாங்கிய பையனும் அதைத்தான் செய்வான், முணுமுணுத்துக்கொண்டே. அடுத்து வருவது எண்ணிக்கை. நொடியை எண்ணுவதில்லை, கையைத்தான். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு எத்தனை வீச்சு என்று ஒவ்வொருவரும் தானே எண்ணிச் சொல்ல வேண்டும். வீச்சு குறையக் குறையப் பிடி திரும்புகிறது என்று அர்த்தம். எல்லாம் முடிந்து கரையேறும்போது ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒரே கேள்வி கேட்பார்.

"தண்ணி எப்டி இருக்கு?"

நான் சேர்ந்த புதிதில் அவர் தண்ணீரின் சூட்டைக் கேட்கிறார் என்று நினைத்து, தெர்மாமீட்டரைப் பார்த்து பதில் சொல்லியிருக்கிறேன். அவர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். விடுமுறை முடிந்து வந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "கனமா இருக்கு சார். தள்ளவே முடில." அதைக் கேட்டால் அவருக்குத் திருப்தி.

இத்தனையும் சொன்னது சந்தியாவின் கதைக்கு வருவதற்காகத்தான். கொரோனாவுக்கு முன்பு, சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கிற பூண்டி ஏரியே தரை தெரிந்து கிடந்த கோடை அது. கல்லூரிக்கு வெளியே லாரித் தண்ணீருக்காகக் குடங்கள் வரிசையில் நின்றன. குளத்தை இனி நிரப்ப வேண்டாம், இருக்கும் தண்ணீரைத் தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் திருப்பிவிடலாம் என்று முதல்வர் சொன்னபோது, நான் சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். சார் உடனே சரி என்றுவிட்டார். வெளியே வந்து என்னிடம், "குடிக்கத் தண்ணி இல்லாதவன் எதிர்ல நாம நீஞ்சிக்கினு இருந்தா நல்லா இருக்காது மேடம்" என்றார்.  கொஞ்ச நாளில் விடுதிப் பையன்கள் வெறும் குளத்துக்குள் இறங்கி கிரிக்கெட் ஆடினார்கள்.

சந்தியாவுக்கு அது இறுதி ஆண்டு தொடங்கப் போகும் நேரம். நானூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல் அவளுடையது. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்துப் பெண். அப்பா ஏழுமலை ஏரியில் வலை போடுகிறவர். அக்கா கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனிக்கு ஷிஃப்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தங்கைக்கும் அங்கேயே சொல்லி வைத்திருந்தாள். சந்தியாவுக்கு ஆசை உடற்கல்வி படித்து நீச்சல் பயிற்றுநராக வேண்டும் என்று. பல்கலைக்கழக அணியில் இடம்பிடித்த சான்றிதழ் இருந்தால் அந்தப் படிப்பில் சேர வழி இருந்தது. ஒரு வருடம் காய்ச்சல், இன்னொரு வருடம் பாட்டியின் சாவு என்று இரண்டு அணித் தேர்வுகளும் கைநழுவிப் போயிருந்தன. இந்த ஆண்டுத் தேர்வு ஒன்றுதான் பாக்கி. இதுவும் போனால் அக்காவோடு கம்பெனி பஸ் ஏற வேண்டியதுதான்.

ஆடி மாதம் நாலு நல்ல மழை பெய்து, கிணறுகளில் ஊற்று வந்து, ஒருவழியாகக் குளம் நிறைந்தது. பிள்ளைகள் திரும்பினார்கள். ஒருவன் மாதக் கணக்கில் ஜிம்முக்குப் போய் மார்பை அகலமாக்கிக்கொண்டு வந்திருந்தான். தண்ணீரில் இறங்கியதும் கல்போல உட்கார்ந்தான். மற்றவர்கள் வீட்டில் நன்றாகத் தூங்கியிருந்தார்கள், முகத்திலேயே தெரிந்தது. சந்தியா மட்டும் கறுத்து, இளைத்து, தோள்கள் திரண்டு வந்து நின்றாள்.

"நான் ஒரு நாள்கூட நிறுத்தல மேடம்" என்றாள். "தினம் ஏரில நீஞ்சினேன். அப்பா போட்டுல பின்னாடியே வந்துக்கினு இருப்பாரு."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இத்தனை மாதமும் விடாமல் நீந்திய ஒரே ஆள். இவளையாவது கடிகாரத்தோடு பார்க்கலாமே என்று சாரிடம் கேட்டேன். அவர் துண்டில் கிளிப் மாட்டிக்கொண்டே, "எல்லாருக்கும் ஒண்ணுதான் மேடம்" என்றார்.

சந்தியாவுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் நாங்கள் யாரும் வருவதற்கு முன்பே வந்து, துண்டை ஓரமாகத் தூக்கிவிட்டு, நானூறு மீட்டரை முழு வேகத்தில் நீந்திப் பார்த்திருக்கிறாள். நான் போனபோது சுவரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றிருந்தாள். துண்டு ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"மேடம், கடிகாரம் ஓடாம கெட்டுப் போச்சா?"

கடிகாரம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முதலாம் ஆண்டில் நீந்தியதைவிட மோசமான நேரம் அது.

அன்று அவள் நீந்துவதை உட்கார்ந்து கவனித்தோம். சில வீச்சுக்கு ஒரு தரம் தலை மேலே எழும்பி முன்னால் பார்த்தது. தலை எழும்பினால் இடுப்பு அமிழும். கைவீச்சு குட்டையாக, படபடவென்று இருந்தது. சுவரில் திரும்பும் இடத்தில் ஒரு கணம் திகைத்தாள். மாதக்கணக்கில் சுவரே இல்லாமல் நீந்தியவள் அல்லவா. கரையேறியதும் சார் கேட்டார்.

"தண்ணி எப்டி இருக்கு அம்மாடி?"

"மெல்லிசா கீது சார்" என்றாள். "கைல ஒண்ணுமே மாட்ட மாட்டேங்குது. காலு வேற கீழ போய்க்கினே இருக்குது."

 சார் மோரைக் குடித்தார். எல்லோருக்கும் கொடுத்த அதே வேலையை அவளுக்கும் கொடுத்தார். தடவல், மிதவை, வீச்சு எண்ணுதல். வாரக் கடைசிக்குள் வீச்சு நீண்டது, தலை ஓரளவு இறங்கியது. சனிக்கிழமை காலை அதே கேள்விக்கு, "இப்ப கொஞ்சம் கனமா கீது சார்" என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை பழைய குருடி கதவைத் திறடி கதையானது. தலை மேலே, கால் கீழே. மறுபடி ஒரு வாரம் இழுத்துப் பிடித்தோம். மறுபடி சனிக்கிழமை நன்றாக இருந்தது. திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து. எனக்குப் பைத்தியம் பிடித்தது. தேர்வுக்கு அதிக நாளில்லை. "சார், தூரத்தைக் கூட்டுவோம். காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு போடுவோம். இப்படித் தடவிக்கிட்டே இருந்தா அவ மாவு பிசையத்தான் லாயக்கு" என்று சண்டை போட்டேன். வார்த்தை கொஞ்சம் தடித்துத்தான் போனது. சார் செருப்பை நேராக நகர்த்தி வைத்துவிட்டு, "அவ திங்கக்கெயம மட்டும் ஏன் மெல்லிசுன்னு சொல்றா? அத மொதல்ல பாப்போம் மேடம்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை அவளை நாற்காலிக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். வழக்கமான பதில் வந்தது.

"நேத்து எங்க நீஞ்சினே?"

அவள் தரையைப் பார்த்தாள். "ஊட்ல சார். ஏரில."

விஷயம் மெல்ல வெளியே வந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் பிடித்து வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு, ஏரியில் இரண்டு மடங்கு நீந்தியிருக்கிறாள். விட்டதைப் பிடிக்க வேண்டுமே.

"இங்க நீங்க டைமும் பாக்க உட மாட்டேங்குறீங்க, தூரமும் குடுக்க மாட்டேங்குறீங்க. நான்தான் பின்னாடி கீறேனே சார். அதான் அங்க போட்டேன்" என்றவள், அதுவரை அடக்கி வைத்திருந்ததை அழுகையோடு கொட்டிவிட்டாள். "யாருமே நீஞ்சாதப்ப நான் ஒருத்திதானே சார் நீஞ்சினேன். எல்லாரும் தூங்கினு இருந்தாங்க. அவங்களுக்கெல்லாம் வந்துடுச்சு. எனக்கு மட்டும் இன்னாத்துக்கு சார் வரல?"

 எனக்கும் அழுகை வந்தது. சார் பையைத் துழாவி அவளிடம் மோர் பாட்டிலை நீட்டினார். அவர் தன் மோரை யாருக்காவது கொடுத்து நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு விளக்கினார். அந்த வறண்ட கோடையில் ஏரியில் உப்பு ஏறிக் கிடக்கிறது. உப்புத் தண்ணீர் ஆளைத் தூக்கிப் பிடிக்கும். அதில் மிதந்து பழகிய உடம்பு, நல்ல தண்ணீரிலும் அது தூக்கும் என்று எதிர்பார்த்து ஏமாறுகிறது. "மத்தவங்க சும்மா இருந்துட்டு வந்தாங்க. அவங்களுக்குத் தண்ணி கனமா இருந்துச்சு. நீ கனமான தண்ணிலேர்ந்து வந்தே. அதான் உனக்கு மெல்லிசு. அவங்க மறந்துட்டு வந்தாங்க அம்மாடி. நீ வேற ஒண்ணு கத்துக்கினு வந்துட்டே. உனக்குப் பலம் போவல. எடம் மாறிப் போச்சு, அவ்ளோதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை சாரும் நானும் அவளோடு பழவேற்காட்டுக்கு பஸ் ஏறினோம். எதற்கு என்று கேட்டேன். "அந்த மனுசன் தூக்கத்த உட்டுட்டு இவளுக்காக போட்டு ஓட்டிக்கினு கீறாரு. போன்ல சொல்றது சரியா வராது" என்றார் சார்.

ஏழுமலை எங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு மகள் நீந்துகிற இடத்தைக் காட்டினார். பெருமை தாங்கவில்லை அவருக்கு. தண்ணீருக்கு மேலே வலை கட்டும் கம்புகள் அங்கங்கே நீட்டிக்கொண்டிருந்தன. "கம்புல மோதிக்கினா மண்ட போயிடும் சார். அத்தொட்டு நான் பின்னாடியே, தல தூக்கு பாப்பா, தல தூக்குன்னு கொரல் குடுத்துக்கினே வருவேன். என் கொரல் கேட்டா டக்குனு தூக்கிடும்" என்றார்.

நானும் சாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சந்தியா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குளத்தில் நாங்கள் வாரம் முழுக்க இறக்கிய தலையை ஞாயிற்றுக்கிழமை தூக்கிவிட்டது யார் என்று எல்லோருக்கும் புரிந்துபோயிற்று, அவரைத் தவிர.

 சார் எப்போதும்போல மெதுவாக ஆரம்பித்தார். அந்தக் குரலைக் கேட்க ஏழுமலை படகு தள்ளும் கழியை நிறுத்திவிட்டுக் குனிய வேண்டியிருந்தது. "நீங்க தல தூக்கச் சொன்னதாலதான் பொண்ணு முழுசா வந்து சேர்ந்துது. இந்தத் தோளு நீங்க குடுத்தது. எங்களால குடுத்திருக்க முடியாது. ஆனா தேர்வு நடக்கிற எடத்துல கம்பு கெடையாது, உப்பும் கெடையாது. அங்க தல தூக்கினா கால் எறங்கிடுது."

ஏழுமலை மகளைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். "ஆமா, நல்ல தண்ணில எறங்கத்தான் எறங்கும். ஐப்பசி மழை உழுந்து ஏரில உப்பு கொறைஞ்சா போட்டே தாழ்ந்துதான் போவும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "அப்போ தேர்வு முடியற வரைக்கும் பாப்பா ஏரில எறங்கக் கூடாது. அப்டித்தானே சார்?"

"அப்டித்தான்."

அவர் முகம் விழுந்துவிட்டது. மகளுக்காகச் செய்ய அவரிடம் இருந்தது அந்த ஒன்றுதான். கரைக்கு வரும்வரை கழியைக் குத்துவதிலேயே கண்ணாக இருந்தார். அவர் மனைவி இறால் வறுத்து வைத்திருந்தார். வேலையாகப் போன இடத்தில் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காத சார், இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே ஏழுமலையிடம், "அடுத்த ஞாயித்துக்கெயம நீங்க எங்க குளத்துக்கு வந்துடுங்க. எனக்கு ஒரு ஆளு வேணும்" என்றார்.

மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழுமலை வெள்ளைச் சட்டையும் மடித்துக் கட்டிய கைலியுமாக வந்து நின்றார். சார் அவரைக் குளத்தின் விளிம்பில் நிறுத்தினார். மகள் நீந்தும்போது பக்கத்திலேயே நடந்துவர வேண்டும், படகில் வந்ததுபோலவே குரல் கொடுக்க வேண்டும். வார்த்தையை மட்டும் மாற்ற வேண்டும்.

"தல எறக்கு பாப்பா" என்று முதல் தரம் சொன்னபோது ஏழுமலைக்கே கூச்சமாக இருந்தது. தண்ணீருக்குள் அந்தத் தலை உடனே இறங்கியது. நாங்கள் வாரக்கணக்கில் விசில் ஊதியும் கை காட்டியும் செய்ய முடியாததை அந்தக் குரல் ஒரே நொடியில் செய்துவிட்டது. தலை இறங்கவும் இடுப்பு தானாக மேலே வந்தது. அந்தப் புதுத் தோள்கள் முதல் முறையாகக் குளத்துத் தண்ணீரைப் பிடித்தன. ஏழுமலை ஈரத் தரையில் வெறுங்காலோடு கூடவே நடந்தார். கொஞ்ச நேரத்தில் நடை போதவில்லை. ஓட ஆரம்பித்தார். "மெதுவா, வழுக்கிடும்" என்று நான் கத்தினேன். அவர் காதில் விழவில்லை. அன்று இரவு விடுதி அறையில் பல நாள் கழித்து நிம்மதியாகத் தூங்கினேன்.

அதன்பிறகு திங்கட்கிழமைகள் எனக்குப் பயமில்லை. ஒருநாள் காலை சார் யாரிடமும் சொல்லாமல் துண்டை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நொடி முள் ஓடிக்கொண்டிருந்தது. நான் மட்டும்தான் வெறித்துப் பார்த்தேன். சந்தியா திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் வீச்சை எண்ணிக்கொண்டிருந்தாள்.

தேர்வு சென்னையில் ஒரு குளத்தில் நடந்தது. நானூறு மீட்டருக்கு இரண்டு பேரை எடுப்பார்கள். போட்டிக்கு வந்த பெண்களில் பலர் கோடை முழுக்கத் தண்ணீர் வற்றாத குளங்களில் பயிற்சி செய்தவர்கள். ஏழுமலை மேலே பார்வையாளர் வரிசையில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து குரல் கொடுத்தால் கேட்காது. கொடுக்கவும் கூடாது.

பாதி தூரம் வரை அவள் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாள். என் கட்டைவிரல் ஸ்டாப் வாட்சில் வியர்த்து வழுக்கியது. ஒரு திருப்பத்தில் பக்கத்து லேன்காரி முந்தியபோது, இப்போது இவள் தலையைத் தூக்கிப் பார்ப்பாள், எல்லாம் போகும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது தலை கீழேயே இருந்தது. கை நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. குளத்தின் கடைசி இரண்டு நீளத்தில் முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் களைத்தார்கள். அவள் களைக்கவில்லை. எதிர்காற்றிலும் அலையிலும் கோடை முழுக்க நீந்திய உடம்பு அது. ஒருத்தியைத் தாண்டினாள். சுவருக்குக் கொஞ்சம் முன்னால் இன்னொருத்தியையும் தாண்டி, இரண்டாவதாகத் தொட்டாள்.

 நல்ல புடவையோடு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே ஏழுமலை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். சந்தியாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. முடிவு காட்டும் பலகை அவள் முதுகுப் பக்கம் இருந்தது. கரையேறி, மூச்சு வாங்க, எங்களை நோக்கி நடந்து வந்தாள்.  "இன்னா மேடம் ஆச்சு?" என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் சார் முந்திக்கொண்டார்.

"தண்ணி எப்டி இருந்துச்சு அம்மாடி?"

அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். திரும்பிக் குளத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"தெரியல சார்" என்றாள். "நான் கவனிக்கவே இல்ல."

சார் குனிந்து பையைத் திறந்தார். நீலக் கரை போட்ட அந்தத் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"தல துவட்டிக்கோ. அணியில நீ இருக்கே. மேல அப்பா நிக்கிறாரு பாரு, போய்ச் சொல்லு."